அன்பு ஒன்றா, பலவா? ஓர் எளிய விளக்கம்

கல்யாண வீட்டில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று கையில் அகப்பட்டுவிட்டால் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உனக்கு அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?" கேட்பவர்களுக்கு அது விளையாட்டு. என் தம்பி மகளிடம் இதைக் கேட்டபோது அவள் சற்று யோசித்துவிட்டு, "தூங்குறதுக்கு அம்மா, கடைக்குப் போறதுக்கு அப்பா" என்றாள். சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டாள் என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது தப்பித்தலாகத் தோன்றவில்லை. இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்துச் சொல் என்றது கேள்வி. இரண்டும் ஒரே சரக்கில்லை என்றது அவள் பதில்.

இதே கேள்வி இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து "அம்மாவா, பெண்டாட்டியா?" என்று வேறு வேடத்தில் திரும்பி வருகிறது. "கல்யாணம் ஆன புதுசுல இருந்த அன்பு இப்ப இல்ல" என்ற மனத்தாங்கலும் அதே தராசைத்தான் கையில் வைத்திருக்கிறது. அன்பு என்பது ஒரே பொருள், அது ஒருவரிடம் கூடுதலாகவும் இன்னொருவரிடம் குறைவாகவும் இருக்கும், ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைந்துபோகும் என்ற எண்ணம் இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. உளவியலும் உடலியலும், நம் பழைய இலக்கணமும்கூட, அப்படிச் சொல்லவில்லை. அவை என்ன சொல்கின்றன என்பதை எளிமையாக எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

தெர்மாமீட்டர் சொல்லாதது

காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். தெர்மாமீட்டர் 102 டிகிரி காட்டுகிறது. காய்ச்சல் எவ்வளவு என்பது இதிலிருந்து தெரிகிறது. அது டெங்குவா, டைபாய்டா, சாதாரண வைரஸ் காய்ச்சலா என்பது தெரிவதில்லை. மூன்றுக்கும் காரணம் வேறு, போக்கு வேறு, மருத்துவம் வேறு. வெளியே தெரியும் சூடு மட்டும்தான் பொது. 102 டிகிரி வைரஸ் காய்ச்சலைவிட 100 டிகிரி டெங்கு ஆபத்தானதாக இருக்கலாம் என்பது மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற எவருக்கும் தெரியும்.

அன்பிலும் நாம் பெரும்பாலும் சூட்டைத்தான் அளக்கிறோம். எவ்வளவு அழுதார், எவ்வளவு தவித்தார், எத்தனை முறை போன் செய்தார் என்று கணக்குப் பார்க்கிறோம். அந்தச் சூட்டுக்குக் கீழே இயங்குவது எது என்று கேட்பதில்லை. ஒருவரை நாடி ஓடவைக்கும் ஈர்ப்பும், பயத்தில் ஒருவரிடம் ஒண்டவைக்கும் பிணைப்பும், பசித்த உயிருக்கு ஊட்டவைக்கும் பேணலும், உடனிருப்பதே போதும் என்ற நட்பும், முன்பின் அறியாதவருக்காக இரங்கவைக்கும் அருளும் ஒன்றோடொன்று கலந்து வந்தாலும் தனித்தனியே இயங்குபவை.

தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது

இந்தப் பிரிவினை நமக்குப் புதிதல்ல. திருக்குறளில் அன்புடைமை 8ஆம் அதிகாரம். அது இல்லறவியலில் இருக்கிறது. அருளுடைமை 25ஆம் அதிகாரம். துறவறவியல் அங்கேதான் தொடங்குகிறது. தொடர்புடையவர்மேல் செல்வது அன்பு, தொடர்பு இருக்கிறதா என்று பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று உரைகாரர்கள் வேறுபடுத்துகிறார்கள். இரண்டும் ஒட்டுறவில்லாத வேறு இனமும் அல்ல. 757ஆம் குறள் அருளை அன்பு ஈன்ற குழந்தை என்கிறது.

அகப்பொருள் இலக்கணம் இன்னும் கூர்மையானது. ஒத்த அன்புடைய இருவருக்கு ஐந்திணையை வைத்துவிட்டு, ஒருதலையான விருப்பத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாத விருப்பத்தைப் பெருந்திணை என்றும் தொல்காப்பியம் தனியே ஒதுக்குகிறது. கைக்கிளைக்காரனின் தவிப்பு உண்மையானதாக இருக்கலாம், ஐந்திணைத் தலைவனின் தவிப்பைவிடச் சூடாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அது வேறு திணை. மறுக்கும் பெண்ணை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதைக் காதலின் ஆழம் என்று காட்டிப் பழக்கிய நம் சினிமா, இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் கற்றுக்கொண்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சொற்களின் பொருளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 'காதல்' என்றால் இன்று ஆண் பெண் விருப்பம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. பழைய வழக்கில் பிள்ளைமேல் கொண்ட பேரன்பும் காதல்தான், 'காதலன்' என்ற சொல்லுக்கு மகன் என்ற பொருளும் உண்டு. 'பாசம்' வீட்டில் இனிய சொல். சைவ சித்தாந்தத்தில் அது உயிரைக் கட்டிப்போடும் கயிறு. பாசம் கட்டும் என்பது இரண்டு இடத்திலும் உண்மை என்பதால், இந்த முரண்பாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இங்கே ஒரு தவறான செய்தியையும் தீர்த்துவிடலாம். "பண்டைக் கிரேக்கர்கள் அன்பை எட்டு வகையாகப் பிரித்தார்கள்" என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எரோஸ் (காதல் வேட்கை), ஃபிலியா (நட்பு), ஸ்டோர்கே (குடும்பப் பாசம்), அகாபே (தன்னலமற்ற அன்பு) ஆகியவை கிரேக்கச் சொற்கள்தான். ஆனால் அந்தப் பட்டியலில் வரும் 'லூடஸ்' விளையாட்டு என்று பொருள்படும் லத்தீன் சொல். லூடஸ், மேனியா (பித்து), பிராக்மா (நடைமுறைக் கணக்கு) ஆகியவற்றைக் காதலின் வகைகளாக வரிசைப்படுத்தியவர் ஜான் ஆலன் லீ என்ற கனடா நாட்டு ஆய்வாளர், ஆண்டு 1973. அவர் காதல் கொள்ளும் பாணிகளை வகைப்படுத்தினார். காலப்போக்கில் அது சாக்ரடீஸ் காலத்துச் சரக்காக ஆகிவிட்டது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: அன்பின் அளவு வேறு, வகை வேறு. அளவைப் பார்த்து வகையைச் சொல்ல முடியாது. இனி, வகைகளில் மிக அதிகமாக ஆராயப்பட்ட ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

பிணைப்பு: ஓடிப்போகவும் திரும்பி வரவும் ஓர் இடம்

மறுபடியும் அதே கல்யாண மண்டபம். ஒன்றரை வயதுக் குழந்தை அம்மாவின் முந்தானையை விட்டுவிட்டு நாலடி நடக்கிறது. தூணைத் தொடுகிறது. திரும்பிப் பார்க்கிறது. அம்மா அங்கேயே இருக்கிறாள். இன்னும் பத்தடி நடந்து, கீழே கிடக்கும் பூவிதழை எடுக்கிறது. திடீரென்று நாயனமும் தவிலும் கெட்டி மேளம் கொட்ட, முகம் கோணி, வந்த வழியே ஓடிவந்து அம்மாவின் தொடையில் முகத்தைப் புதைக்கிறது. இரண்டு நிமிடம் ஆகும். பிறகு மறுபடியும் தூண்.

உளவியல் பிணைப்பு என்று சொல்வது இந்தப் போக்குவரத்தைத்தான். பயமோ வலியோ களைப்போ வரும்போது, வேறு யாரையும் நாடாமல் குறிப்பிட்ட ஒருவரின் அருகாமையை நாடுவதும், அந்த ஒருவர் இருக்கிறார் என்ற தெம்பில் உலகத்தை ஆராயப் புறப்படுவதும் சேர்ந்ததே பிணைப்பு. இது உணர்ச்சி என்பதைவிட ஓர் ஏற்பாடு என்பது பொருத்தம். ஆபத்து தெரிந்தால் இயங்கும், அருகாமை கிடைத்தால் அடங்கும். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1969, 1973, 1980 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று நூல்களில் இதை விரிவாக எழுதினார்.

அதற்கு முன்பு நிலவிய விளக்கம் எளிமையானது: தாய் பால் கொடுக்கிறாள், எனவே குழந்தை ஒட்டிக்கொள்கிறது. ஹாரி ஹார்லோ என்ற அமெரிக்க உளவியலாளர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார். பிறந்த ரீசஸ் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, கம்பியால் செய்த ஒரு பொம்மைத் தாயையும், மெத்தென்ற துணி சுற்றிய ஒரு பொம்மைத் தாயையும் கூண்டில் வைத்தார். பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும், குட்டிகள் பால் குடிக்க மட்டும் அங்கே போய்விட்டு, நாளின் பெரும்பகுதியைத் துணித் தாயைக் கட்டிக்கொண்டே கழித்தன. பயமுறுத்தும் பொருளைக் காட்டியபோது ஓடியதும் துணித் தாயிடம்தான். இந்த முடிவுகளை அவர் 1958இல் வெளியிட்டார். அந்தக் குட்டிகள் பின்னாளில் மற்ற குரங்குகளுடன் பழகத் தெரியாமல் தவித்தன. இத்தகைய சோதனையை இன்று எந்த நெறிக்குழுவும் எளிதில் அனுமதிக்காது. ஆனால் 'பாலுக்காகத்தான் பாசம்' என்ற வாதம் அதோடு முடிந்தது.

பௌல்பியின் சகாவான மேரி எய்ன்ஸ்வொர்த் மனிதக் குழந்தைகளைக் கவனித்தார். 1950களில் உகாண்டாவில் 26 குடும்பங்களின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்று தாய்மார்களையும் குழந்தைகளையும் பார்த்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஏறத்தாழ 20 நிமிடம் நீளும் ஒரு சோதனையை உருவாக்கினார். புதிய அறை, சில பொம்மைகள், ஓராண்டை ஒட்டிய வயதுள்ள குழந்தை, தாய், அறிமுகமில்லாத ஒரு பெண். தாய் சிறிது நேரம் வெளியே சென்று திரும்புவார்.

தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதுதான் இங்கே அளவுகோல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல; முக்கியமாகக் கவனிக்கப்படுவது தாய் திரும்பி வரும் தருணம். சில குழந்தைகள் அவரிடம் ஓடி, ஒட்டி, விரைவில் தேறி, மறுபடி விளையாடப் போயின. சில குழந்தைகள் அவர் வந்ததையே பொருட்படுத்தாதவை போல முகத்தைத் திருப்பிக்கொண்டன. வேறு சில கையைத் தூக்கி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எடுத்த பிறகு உதறித் தள்ளி, நெடுநேரம் தேறாமல் அழுதன. முதல் வகையைப் பாதுகாப்பான பிணைப்பு என்றும், மற்ற இரண்டைத் தவிர்க்கும் பிணைப்பு, தத்தளிக்கும் பிணைப்பு என்றும் சொல்லலாம். பொருட்படுத்தாததுபோல் இருந்த குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பின்னாளில் அளந்தபோது, அதுவும் எகிறித்தான் இருந்தது. அழாத பிள்ளையைச் 'சமர்த்து' என்று மெச்சுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

"உங்கள் பிணைப்பு எந்த வகை?" என்று பத்துக் கேள்வி கேட்டு முத்திரை குத்தும் ரீல்ஸ் இப்போது நிறைய வருகின்றன. இந்த வகைகள் ஓர் உறவின் நிலையைக் குறிப்பவை. தலையெழுத்தோ ராசிபலனோ அல்ல. ஒரே குழந்தைக்குத் தாயிடம் ஒரு வகையும் தந்தையிடம் இன்னொரு வகையும் அமையலாம், வளர வளர மாறவும் செய்யலாம். ஒரு குழந்தைக்கு ஒருவர்தான் பிணைப்பாளராக இருக்க முடியும் என்பதும் தவறு. பாட்டி, சித்தி, அத்தை என்று நாலு மடி மாறி வளரும் பிள்ளைக்கும் ஒரு வரிசை இருக்கும். பகலில் யாரிடமும் போகும். காய்ச்சலில் அனத்தும்போது அந்த வரிசையின் முதல் ஆளைத்தான் கேட்கும்.

பிணைப்பே கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? ருமேனியாவில் 1989 டிசம்பரில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபோது, அங்கிருந்த அரசுக் காப்பகங்களில் ஏராளமான குழந்தைகள் வளர்ந்துகொண்டிருந்தது உலகுக்குத் தெரியவந்தது. உணவும் படுக்கையும் இருந்தன. ஆளுக்கு ஆள் மாறும் பணியாளர்களைத் தவிர, தனக்கென்று ஒருவர் எந்தக் குழந்தைக்கும் இல்லை. புகாரெஸ்ட் நகரில் 2000இல் தொடங்கிய ஆய்வு ஒன்று இத்தகைய 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தது. குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகள் அறிவுத்திறனிலும் உறவாடுவதிலும் மற்றவர்களைவிடத் தேறினார்கள். பாதுகாப்பான பிணைப்பு உருவாவதில், ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் சென்றவர்களுக்கும் அதற்குப் பிறகு சென்றவர்களுக்கும் வேறுபாடு இருந்தது. பாசம் என்பது வயிறு நிறைந்த பிறகு வரும் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடக் கடுமையான மறுப்பை நான் படித்ததில்லை.

சுருக்கமாக: பிணைப்பு என்பது ஆபத்தில் ஒண்டுவதற்கும் அமைதியில் புறப்படுவதற்கும் ஒருவரை இடமாகக் கொள்வது. உணவால் மட்டும் அது உண்டாவதில்லை. அழுகையின் அளவு அதன் அளவல்ல.

பேணல்: கன்று முட்டினால் சுரக்கும் மடி

பிணைப்பு சிறியவர் பெரியவரை நாடுவது. பெரியவர் சிறியவரை நோக்கிச் செல்வதற்கு வேறொரு பொறி உண்டு. அதைப் பேணல் என்போம்: தன்னைச் சார்ந்த உயிரின் தேவை கண்டு தானாகவே கை நீள்வது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கறப்பதற்கு முன் கன்றை அவிழ்த்துவிடுவார்கள். அது மடியை முட்டி முட்டிச் சப்பியதும் பால் சுரந்து இறங்கும். கன்று இறந்துபோனால் சில மாடுகள் பாலை இறக்க மறுத்துவிடும். அதற்காக இறந்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து, நான்கு குச்சிகளைக் காலாக நட்டு, மாட்டின் முன்னால் நிறுத்தும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. மாடு அதை மோந்து பார்க்கும், நக்கிக் கொடுக்கும், பால் இறங்கும். வேறொரு மாட்டின் கன்றைப் பெரும்பாலும் அப்படி ஏற்காது. பேணல் பொதுவாகக் 'கன்றுகள்' மேல் செல்வதில்லை, இந்த மணமுள்ள இந்தக் கன்றின்மேல் செல்கிறது என்பதை அந்த வைக்கோல் உடம்பு காட்டிக்கொடுக்கிறது.

மடியில் பாலை இறக்குவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். ஹார்மோன் என்றால், உடலின் ஓரிடத்தில் சுரந்து இரத்தத்தின் வழியே சென்று வேறிடத்தில் வேலை செய்யும் வேதிப்பொருள். பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கவைப்பதும் இதுதான். இதைச் செயற்கையாக உருவாக்கிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும், வாழ்நாள் முழுதும் ஒரே துணையோடு இருக்க முனையும் ஒரு வகைச் சிற்றெலியிடம், அந்த இணைப்பு உண்டாவதில் ஆக்சிடோசினுக்குப் பங்கு இருப்பதாக 1990களில் தெரிந்தது. அன்றிலிருந்து பத்திரிகைகள் இதற்கு 'அன்பு ஹார்மோன்' என்று பட்டம் சூட்டிவிட்டன.

2023இல் அந்தப் பட்டம் ஆட்டம் கண்டது. மரபணுத் திருத்தம் செய்து, ஆக்சிடோசினைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பியே இல்லாத அதே வகைச் சிற்றெலிகளைக் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். அவையும் துணை சேர்ந்தன, துணையைத் தேர்ந்து ஒட்டிக்கொண்டன. அதற்காக ஆக்சிடோசினுக்கு வேலையே இல்லை என்று பொருளில்லை; ஒரு வழி அடைபட்டால் வேறு வழியில் போகும் அளவுக்கு உடல் இதை முக்கியமாகக் கருதுகிறது என்று கொள்வதே பொருந்தும். கட்டிப்பிடித்தால் இத்தனை நொடியில் ஆக்சிடோசின், அதனால் இத்தனை ஆண்டு ஆயுள் என்று கணக்குச் சொல்பவர்களைச் சந்தேகத்துடன் கேளுங்கள்.

மையல்: எரியும் காலம்

ஆங்கிலப் படங்களும் தமிழ்ப் படங்களும் அன்பு என்றாலே காட்டுவது இதைத்தான். ஒருவரே நினைவு, பசியில்லை, தூக்கமில்லை, அவர் ஒரு சொல் சொன்னால் வானத்தில் பறப்பது, சொல்லாவிட்டால் தரையில் விழுவது. தொடக்கத்தில் ஈர்ப்பு என்று சொன்னது இதைத்தான்; தமிழில் இதற்கு மையல் என்ற நல்ல சொல் இருக்கிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷரும் அவருடைய சகாக்களும், தீவிரக் காதலில் இருந்த 17 பேருக்கு அவரவர் காதலரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். டோபமைன் மிகுந்த நடுமூளைப் பகுதி ஒன்று சுறுசுறுப்பாயிற்று. டோபமைன் என்பது மூளையின் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள். "அது வேண்டும், இன்னும் வேண்டும்" என்று துரத்தவைப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. தாகமெடுத்தவன் தண்ணீரைத் தேடுவதற்கும் இதே பகுதிக்கும் உறவிருக்கிறது.

ஆகவே மையல் என்பது ஒரு தேடல். தேடல் கிடைத்ததும் தணிவது இயல்பு. "முன்ன மாதிரி இல்ல" என்ற புகார் பெரும்பாலும் இந்தத் தணிவைப் பார்த்துத்தான் எழுகிறது. அந்த நேரத்தில் சத்தமில்லாமல் வேறொன்று வளர்ந்திருக்கலாம். காதலர்களும் கணவன் மனைவியரும் ஒருவருக்கொருவர் பிணைப்பாளர் ஆகிறார்கள் என்று 1987இல் சிண்டி ஹசன், ஃபிலிப் ஷேவர் என்ற இரு உளவியலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். மண்டபத்துக் குழந்தையின் அதே ஏற்பாடு, முப்பது வயதில் ஆள் மாறி இயங்குகிறது.

2006இல் ஜேம்ஸ் கோன் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. மணமான 16 பெண்களிடம், சிறிய மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று எச்சரித்துவிட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். தனியாக இருந்தபோது மூளையின் பயப் பகுதிகள் பரபரத்தன. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது ஓரளவு அடங்கின. கணவர் கையைப் பிடித்தபோது நன்றாக அடங்கின. மணவாழ்வு நன்றாக இருந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக அடங்கின. டவுன் பஸ்ஸில் ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரும் அறுபது வயதுத் தம்பதியரைப் பார்த்து, இவர்களுக்குள் ஒன்றும் மிச்சமில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், பஸ் சடன் பிரேக் போடும்போது யார் கை யாரைப் பிடிக்கிறது என்று பாருங்கள்.

நட்பு: அட்டையில் இடமில்லாத உறவு

ஆஸ்பத்திரிப் படிவத்தில் நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்ற கட்டத்தில் 'நண்பர்' என்று எழுதினால், "சொந்தக்காரங்க யாரும் வரலியா?" என்று அடுத்த கேள்வி வரும். ரேஷன் அட்டையில் நண்பருக்கு இடமில்லை. அவர் இறந்தால் அலுவலகத்தில் துக்க விடுப்பும் இல்லை. நட்புக்குச் சடங்கு கிடையாது, எனவே அது இரண்டாந்தரமான அன்பு என்று நாமே நினைக்கத் தொடங்கிவிட்டோம்.

அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் நட்புக்கென்றே இரண்டு பகுதிகளை ஒதுக்கி, பயனுக்காகச் சேர்வது, இன்பத்துக்காகச் சேர்வது, ஒருவர் குணத்தை ஒருவர் மதித்துச் சேர்வது என்று மூன்றாகப் பிரித்தார். முதல் இரண்டும் காரணம் போனால் போய்விடும். மூன்றாவது அரிது என்றும், உருவாக நாளாகும் என்றும் அவரே சொல்லிவிட்டார்.

நட்பும் உறவும் உடல்நலத்தைத் தொடுகின்றனவா என்றால், ஆம். 148 ஆய்வுகளில் இடம்பெற்ற 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைச் சேர்த்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு, ஆய்வுக் காலங்களில் மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக இருந்ததைக் கண்டது. ஹார்வர்டில் 1938இல் தொடங்கி இன்றும் நடக்கும் நெடுங்கால ஆய்வு ஒன்றும் இதே திசையில்தான் பேசுகிறது: 50 வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள் 80 வயதில் அதிக நலத்துடன் இருந்தார்கள். அந்த ஆய்வில் தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட 724 பேரும் ஆண்கள் என்பதையும், நல்ல உடல்நலமே நல்ல உறவுகளுக்கு உதவியிருக்கலாம் என்பதையும் மறக்காமல் இதைப் படிக்க வேண்டும்.

மையல் தேடவைக்கிறது, பிணைப்பு ஒண்டவைக்கிறது, பேணல் ஊட்டவைக்கிறது. நட்பில் இந்த அவசரம் எதுவும் இல்லை. இவை எதிலும் அடங்காத ஒன்று மிச்சமிருக்கிறது.

அருள்: தொடர்பில்லாத இடத்தில்

அருளை விளக்க ஓர் ஆஸ்பத்திரி வார்டுக்குள் போக வேண்டும். 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரத்து மருத்துவமனை ஒன்றில், எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு இன்குபேட்டர்கள் போதவில்லை. எட்கர் ரே என்ற மருத்துவர், குழந்தையைத் தாயின் வெற்று மார்பின்மேல் கட்டிவைத்து, தாயின் உடல் சூட்டாலேயே காப்பாற்றும் முறையைத் தொடங்கினார். கங்காருவின் பையை நினைவூட்டுவதால் அதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர் வந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியபோது முதல் 28 நாள்களில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது.

நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் இது நடக்கிறது. அப்படி ஒரு வார்டில் நான் பார்த்தது இது. தாய் மயக்கம் தெளியாமல் வேறொரு வார்டில் இருந்தார். கட்டட வேலையிலிருந்து அப்படியே வந்திருந்த தகப்பன், சிமெண்டுத் தூசு படிந்த சட்டையுடன் வாசலில் நின்றார். நர்ஸ் அவரைக் குளித்துவிட்டு வரச் சொன்னார். வந்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து, ஒன்றரைக் கிலோ எடைகூட இல்லாத குழந்தையைக் குல்லாயும் சாக்ஸும் மட்டும் போட்டு அவர் மார்பில் கவிழ்த்து, துணியால் சுற்றிக் கட்டினார். "எனக்குப் பிடிக்கத் தெரியாதும்மா" என்றார் அவர். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்ணே, மூச்சு விடுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி மூக்கு அழுந்தாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனார். அரைமணி கழித்து நர்ஸ் திரும்பி வந்தபோதும் தகப்பன் அசையாமல் இருந்தார். கால் மரத்துவிட்டது, ஆனால் நகர்ந்தால் குழந்தை எழுந்துவிடும் என்றார். அந்தத் தகப்பனும் குழந்தையும் நர்ஸுக்கு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். தொடர்பு பாராமல் நீண்ட அந்தக் கையைத்தான் அருள் என்கிறேன்.